பழைய நினைவுகளுக்கான வினாடி வினாவைத் தொகுப்பது எப்படி?

‘ஹரிதாஸ்’ திரைப்படம் எந்த ஆண்டு வெளிவந்தது என்று ஓர் அவையில் கேட்டுப் பாருங்கள். திரைப்பட வரலாற்றைக் கரைத்துக் குடித்த ஓரிருவர் 1944 என்று சொல்வார்கள். மற்றவர்கள் அடுத்த வினாவுக்காகக் காத்திருப்பார்கள். அதே படத்தைப் பற்றி, ‘சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் எது?’ என்று கேளுங்கள். அதன் கதாநாயகரான எம்.கே. தியாகராஜ பாகவதரின் பெயர் உடனே பலரது வாயில் வரும். தாத்தா வீட்டு இசைத்தட்டுகளை ஒருவர் நினைவுகூர்வார், பாட்டி முணுமுணுத்த பாட்டை இன்னொருவர் சொல்வார். பாகவதர் நடித்த படங்கள் குறைவு என்பதால், அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளி விடையை எட்டவும் வழி இருக்கிறது. இரண்டு வினாக்களும் ஒரே படத்தைப் பற்றியவைதான். ஆனால் முதல் வினா அவையை மௌனமாக்குகிறது, இரண்டாவது வினா பேச வைக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தமிழ் வெகுமக்கள் கலையை, அதாவது திரைப்படம், வானொலி, வார இதழ், தொலைக்காட்சி, இசைத்தட்டு, சித்திரக்கதை ஆகியவற்றை வைத்து வினாடி வினா நடத்த விரும்புவோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். குடும்ப விழாவிலும், அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் நிகழ்ச்சியிலும், ஓய்வுபெற்றோர் கூடும் மாலை வேளையிலும் இத்தகைய போட்டிகள் நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆண்டுகளையும் எண்ணிக்கைகளையும் விடையாகக் கேட்டே சோர்ந்துவிடுகின்றன. ஆண்டு விடையாக இருக்கக் கூடாது, வினாவுக்குள் துப்பாக இருக்க வேண்டும் என்பதே பல ஆண்டுகளாக வினாக்கள் தொகுத்ததில் எனக்கு உறுதிப்பட்ட முதல் விதி. கீழே சொல்லும் மற்றவை பெரும்பாலும் இந்த விதியிலிருந்து பிறப்பவையே.

வந்திருப்பவர்கள் யார் என்று அறிந்துகொள்ளுதல்

வினாக்களை எழுதத் தொடங்கும் முன், பங்கேற்பவர்கள் ஏறத்தாழ எந்த ஆண்டுகளில் பிறந்தவர்கள், எந்த ஊர்களில் வளர்ந்தவர்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரை கேட்ட பாட்டும் படித்த தொடர்கதையும்தான் ஒருவருக்குள் ஆழமாகப் பதிந்திருக்கும். எனவே 1955ஐ ஒட்டிப் பிறந்தவருக்கு 1965 முதல் 1980 வரையிலான காலமே சொந்த வீடு. 1975ஐ ஒட்டிப் பிறந்தவருக்கு அந்த வீடு 1985க்கும் 2000க்கும் இடையில் இருக்கிறது. முன்னவருக்கு எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களின் முதல் நாள் கூட்டமும், இலங்கை வானொலியும், ‘அன்னக்கிளி’ வந்த 1976ஆம் ஆண்டும் நினைவில் நிற்கும். பின்னவருக்கு வெள்ளிக்கிழமை இரவில் தொலைக்காட்சியில் வந்த ‘ஒளியும் ஒலியும்’ திரைப்பாடல் நிகழ்ச்சி, 1987 ஜனவரியில் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை இராமாயணத் தொடர், 1992இல் ‘ரோஜா’வோடு வந்த புதிய ஒலி, 1993ஆம் ஆண்டு தமிழ்ப் புத்தாண்டு நாளில் தொடங்கிய சன் தொலைக்காட்சி ஆகியவை நிற்கும். ஒரே தொகுப்பில் இருவருக்கும் இடம் வேண்டும். இருவரையும் ஒரே அணியில் அமர்த்தினால் இன்னும் நல்லது, ஏனெனில் அப்போது விடை தேடும் பேச்சே தலைமுறைகளுக்கு இடையிலான உரையாடலாகிவிடும்.

வயதைப் பற்றிப் பலர் யோசிக்கிறார்கள், ஊரைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆனால் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் 1980களில்தான் வீடுகளுக்குள் தொலைக்காட்சி வந்தது. தென்கோடிக் கடற்கரை ஊர்களில் வளர்ந்தவர்களிடம் கேட்டால், உயரமான ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி, 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்த கதையைச் சொல்வார்கள். சென்னைத் தொலைக்காட்சியின் தொடக்க கால நிகழ்ச்சிகளை வைத்து ஒரு சுற்று முழுவதையும் அமைத்தால் தலைநகரில் வளர்ந்தவர்களுக்குச் சலுகை கொடுத்ததாகவே ஆகும். அதற்கு ஈடாக, இராமநாதபுரத்துக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் உரிமையோடு விடை சொல்லக்கூடிய வானொலி வினாக்கள் சிலவற்றைச் சேர்த்துவிட்டால் தராசு நேராகிவிடும். மதுரையில் வளர்ந்தவர்கள் பலர் இருக்கும் அவையில், 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறக்கப்பட்ட பிரம்மாண்டமான திரையரங்கின் பெயரைக் கேளுங்கள். ‘தங்கம்’ என்று அவர்கள் சொல்லும் குரலிலேயே அந்த வினாவின் பயன் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரைப்படம் மட்டும்தான் பழைய நினைவு என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். மொத்த வினாக்களில் பாதிக்கு மேல் திரைப்படத்துக்குக் கொடுக்காதீர்கள். வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து, அட்டை போட்டுப் பாதுகாத்த வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் திரைப்பட வினாக்களில் ஒதுங்கி இருந்தாலும், 1950 முதல் ‘கல்கி’யில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னுக்குப் படம் வரைந்த ஓவியர் யார் என்றவுடன் ‘மணியம்’ என்று நிமிர்ந்து உட்கார்வார்கள். கிரிக்கெட்டும் அப்படித்தான். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடந்த டெஸ்ட் போட்டி இரு அணிகளின் ஓட்டங்களும் சமமாகி (‘டை’) முடிந்ததை நேரில் பார்த்தவர் அவையில் ஒருவராவது இருக்கக்கூடும். கடைசி விக்கெட்டாக ஆட்டமிழந்தவர் யார் என்று கேட்டால், மணீந்தர் சிங் என்ற பெயரோடு, அந்த நடுவர் தீர்ப்பு சரியா தவறா என்ற விவாதமும் சேர்ந்தே வரும்.

செய்தியை வினாவாக்குதல்

நல்ல வினா ஒரு செய்தியிலிருந்து பிறப்பதைவிட, இரண்டு மூன்று செய்திகள் சந்திக்கும் இடத்தில் பிறக்கிறது என்பது என் அனுபவம். எம்.எஸ். சுப்புலட்சுமி 1941இல் ‘சாவித்திரி’ படத்தில் நடித்தார் என்பது ஒரு செய்தி. அதே ஆண்டில் கல்கி கிருஷ்ணமூர்த்தியும் டி. சதாசிவமும் ‘கல்கி’ வார இதழைத் தொடங்கினர் என்பது இன்னொரு செய்தி. அந்தப் படத்தில் நடித்துப் பெற்ற பணம் இதழைத் தொடங்க உதவியது என்பது இரண்டையும் இணைக்கும் செய்தி. அவர் அதில் ஏற்றது நாரதர் வேடம் என்பதோ எல்லாவற்றையும் சுவையாக்கும் செய்தி. இவற்றைச் சேர்த்து, ‘1941இல் ஒரு பெண் கலைஞர் ஆண் வேடம் ஏற்று நடித்துப் பெற்ற ஊதியம், அதே ஆண்டில் ஒரு தமிழ் வார இதழ் பிறக்கத் துணை நின்றது. அந்தக் கலைஞர் யார், அவர் ஏற்ற வேடம் எது, அந்த இதழ் எது?’ என்று கேட்கலாம். மூன்றில் ஒன்று தெரிந்தாலும் மற்ற இரண்டை நோக்கி நகர முடிகிறது. விடையை அறியாத அணியும் அதைக் கேட்டபின் ஒரு கதையோடு வீட்டுக்குப் போகும்.

இதோடு இணைத்து அடுத்த வினாவையும் அமைக்கலாம். ஆண் வேடம் ஏற்ற இன்னொரு பெரும் பாடகி, 1935இல் வெளிவந்த படத்தில் நந்தனாராக நடிக்க அந்தக் காலத்தில் எவரும் கேட்டிராத ஒரு தொகையைப் பெற்றார். கே.பி. சுந்தராம்பாள் பெற்ற அந்த ஒரு லட்சம் ரூபாயை எண்ணாகக் கேட்பதில் தவறில்லை. எண்களை விடையாகக் கேட்கக் கூடாது என்ற விதிக்கு நான் அனுமதிக்கும் விலக்கு இதுதான்: அந்த எண் தன்னளவிலேயே ஊர் பேசிய செய்தியாக இருந்திருந்தால் அதைக் கேட்கலாம்.

பெயர்களைப் பற்றிய சுற்று ஒன்றை அமைக்க எனக்கு எப்போதும் விருப்பம் உண்டு, ஏனெனில் தமிழ்த் திரையுலகில் பெயர் சூட்டும் கதைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அண்ணாதுரை எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்த வி.சி. கணேசனைப் பாராட்டிப் பெரியார் அழைத்த பெயர் அவரோடு நிலைத்தது. பின்னொரு காலத்தில் பெங்களூரிலிருந்து வந்த சிவாஜி ராவ் என்ற இளைஞருக்கு, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு பெருங்கலைஞர் இருந்ததால், கே. பாலசந்தர் தம்முடைய ‘மேஜர் சந்திரகாந்த்’ கதையில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயரைச் சூட்டினார். ஒருவருக்கு ஒரு நாடகம் கொடுத்த பெயரை இன்னொருவர் அவருக்காகவே விட்டுக்கொடுக்க நேர்ந்தது. இதை அப்படியே விளக்கி இருவரையும் கேட்டால், எளிய விடையாக இருந்தாலும் அவை மகிழ்ச்சியோடு ஏற்கும். அடுத்து, ஏ.எம். ராஜா என்ற பாடகர் முன்பே புகழ்பெற்றிருந்ததால் தன் பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழியைப் பெற்ற இசையமைப்பாளர் யார் என்று கேளுங்கள். ‘இளைய’ என்ற சொல் வந்த காரணத்தை அதுவரை யோசித்திராதவர்கள் கூட அந்தக் கணத்தில் இளையராஜா என்ற விடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். விடையைக் ‘கண்டுபிடித்தோம்’ என்ற உணர்வு, ‘அறிந்திருந்தோம்’ என்ற உணர்வைவிடப் பெரிது.

தொடர்பைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வினாக்களும் இதே வகையைச் சேர்ந்தவை. விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கும் வேதாளத்தை மாதந்தோறும் குழந்தைகளுக்குக் காட்டிய ஓர் இதழ், வடபழனியில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனை, எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் நடித்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’ ஆகிய மூன்றையும் சொல்லி, இவற்றை இணைக்கும் மனிதர் யார் என்று கேட்கலாம். பி. நாகிரெட்டி என்ற விடை வந்தவுடன், ‘அம்புலிமாமா’வும் விஜயா வாகினி ஸ்டூடியோவும் ஒரே கையில் இருந்தவை என்ற செய்தி பலருக்குப் புதிதாக இருக்கும். எஸ்.எஸ். வாசனைப் பற்றியும் இவ்வாறே கேட்கலாம். ‘ஆனந்த விகடன்’, ஜெமினி ஸ்டூடியோ, முரசு நடனத்தால் புகழ்பெற்ற ‘சந்திரலேகா’ ஆகியவற்றோடு, எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றிய ‘சதி லீலாவதி’ வாசன் எழுதிய கதையிலிருந்து உருவானது என்பதையும் சேர்த்துவிட்டால், எளிதாகத் தோன்றும் வினாவுக்கும் ஓர் ஆழம் கிடைத்துவிடும்.

வானொலியைப் பொறுத்தவரை, காரணத்தைக் கேட்கும் வினாக்கள் சிறப்பாக அமைகின்றன. 1950களின் தொடக்கத்தில் மத்திய அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்படப் பாடல்களைப் பெரிதும் குறைத்தார். பாட்டுக் கேட்க விரும்பியவர்கள் கொழும்பை நோக்கி முள்ளைத் திருப்பினார்கள். அதற்கு மறுமொழியாகவே 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கப்பட்டது. ‘தமிழ்நாட்டு வீடுகளில் இலங்கை வானொலி குடியேற ஒரு மத்திய அமைச்சர் காரணமானார், எப்படி?’ என்று கேட்டு, அணிகள் தங்கள் சொற்களில் விளக்கினால் மதிப்பெண் கொடுங்கள். இதைக் கேட்டவுடன் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் பெயர்கள் அவையில் தாமாக வரத் தொடங்கும். ‘பொங்கும் பூம்புனல்’ ஒலித்த காலை நேரத்தில் தாம் எந்த வேலையில் இருந்தோம் என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் தடுக்காதீர்கள். அரை நிமிடம் கொடுங்கள்.

‘முதல்’ என்ற சொல்லைக் கையாளுதல்

வினாடி வினாவில் சண்டை மூளுவது பெரும்பாலும் ‘முதல்’ என்ற சொல்லால்தான். ஒருமுறை ‘தமிழின் முதல் வண்ணப்படம் எது?’ என்று கேட்டுவிட்டு, ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்ற விடையோடு அடுத்த வினாவுக்குப் போக முயன்றேன். திரையரங்கில் படம் ஓட்டும் பணியில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எழுந்து, அதற்கு முன்பே ஓரிரு காட்சிகள் மட்டும் வண்ணத்தில் அமைந்த படங்களைத் தாம் ஓட்டியிருப்பதாக அமைதியாகச் சொன்னார். அவர் சொன்னது சரி. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் வெளியிட்ட அந்தப் படம் தமிழின் முதல் ‘முழுநீள’ வண்ணப்படம். அந்த ஒரு சொல்லை நான் விட்டதுதான் பிழை. அன்று முதல், ‘முதல்’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும், எதில் முதல், எந்த மொழியில் முதல், எந்த அளவில் முதல் என்ற மூன்று கேள்விகளை எனக்குள் கேட்டுக்கொள்ளாமல் வினாவை முடிப்பதில்லை.

எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் முதல் பாட்டு எது என்ற வினாவை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலோர் 1969இல் வந்த ‘அடிமைப் பெண்’ படத்தின் ‘ஆயிரம் நிலவே வா’ என்பார்கள். அதே ஆண்டில் வந்த ‘சாந்தி நிலையம்’ படத்தின் ‘இயற்கை என்னும் இளைய கன்னி’ என்று சிலர் சொல்வார்கள். நுணுக்கமாக அறிந்த ஒருவர், அதற்கும் முன்பே ‘ஹோட்டல் ரம்பா’ என்ற படத்துக்காக எல்.ஆர். ஈஸ்வரியுடன் அவர் பாடியதையும், அந்தப் படம் வெளிவராமலே போனதையும் எடுத்துக்காட்டுவார். ஆந்திராவிலிருந்து வந்த ஒருவர் அவையில் இருந்தால், இவை அனைத்துக்கும் முன்பே அவர் தெலுங்கில் பாடிவிட்டார் என்பார். இவர்களில் எவரும் தவறானவர் அல்லர், வினாதான் தவறானது. இந்தச் செய்திகளில் தேவையானதை வினாவுக்குள்ளேயே வைத்து, ‘தாம் தமிழில் முதலில் பாடிய பாடல் வெளிவராமலே போன பாடகர், 1969இல் எந்தக் கதாநாயகருக்குப் பாடியதன் மூலம் பட்டிதொட்டியெங்கும் அறியப்பட்டார்?’ என்று மாற்றி எழுதினால், எம்.ஜி.ஆர். என்ற ஒரே விடைதான் இருக்கும்.

இதேபோல் எம்.ஜி.ஆரின் முதல் படம் ‘சதி லீலாவதி’ என்பதையும், அவர் கதாநாயகனாக நடித்த முதல் படம் 1947இல் வந்த ‘ராஜகுமாரி’ என்பதையும் பிரித்துக் கேட்க வேண்டும். ஜெயலலிதாவுக்கு ‘வெண்ணிற ஆடை’ முதல் தமிழ்ப் படமே தவிர முதல் படம் அன்று. ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. ஆனால் அதில் தமிழோடு தெலுங்கும் ஒலித்தது என்பதை அறிந்தவர் ஒருவராவது அவையில் இருப்பார். எனவே, ‘டி.பி. ராஜலட்சுமி நடித்த, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் ஒலித்த, தமிழின் முதல் பேசும்படமாகப் போற்றப்படும் படம்’ என்று முழுமையாகக் கேட்டுவிடுவதே நலம். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ என்ற மௌனப்படத்தின் ஆண்டோ நூலுக்கு நூல் மாறுகிறது. அந்த ஆண்டை ஒருபோதும் விடையாகக் கேட்காதீர்கள்.

சிக்கலில்லாத ‘முதல்’களும் இருக்கின்றன, அவற்றைத் தயங்காமல் கேட்கலாம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. பாடல்களே இல்லாமல் 1954இல் வந்த ‘அந்த நாள்’ படத்தை இயக்கிய எஸ். பாலசந்தர் ஒரு வீணைக் கலைஞர் என்பதால், ‘இசையில் திளைத்த ஒருவர் பாட்டே இல்லாமல் எடுத்த படம் எது?’ என்று கேட்கும்போது வினாவுக்கே ஓர் அழகு கூடிவிடுகிறது. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான ‘கூண்டுக்கிளி’யைக் கேட்காத வினாடி வினாவே இல்லை என்பதால் அதைத் தவிர்க்கலாம், அல்லது முதல் வினாவாக வைத்து அனைவரையும் இயல்பாக்கலாம். நூறாவது படங்களும் நம்பத்தக்கவை: சிவாஜிக்கு ‘நவராத்திரி’, எம்.ஜி.ஆருக்கு ‘ஒளிவிளக்கு’, கமல்ஹாசனுக்கு ‘ராஜபார்வை’, ரஜினிகாந்துக்கு ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ என்று படங்களைச் சொல்லிவிட்டு, இவற்றுக்கு என்ன ஒற்றுமை என்று கேட்பது அவற்றைத் தனித்தனியே கேட்பதைவிடச் சிறந்தது.

சரிபார்த்தல்

பழைய நினைவுகளை வைத்து நடக்கும் போட்டியில் பிழையான விடை, மற்றப் போட்டிகளைவிட அதிகமாகப் புண்படுத்தும். தம்முடைய இளமையைப் பற்றி யாரோ தவறாகச் சொல்கிறார்கள் என்று கேட்பவர் உணர்கிறார். ஆகவே ஒவ்வொரு விடையையும் ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு இடங்களிலாவது உறுதி செய்துகொள்ளுங்கள். இணையத்தில் பத்து பக்கங்கள் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் அவை பத்து சான்றுகள் அல்ல, ஒரே சான்றின் பத்து நகல்கள். படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்ப்பட்டியல், திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம், இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய அச்சுத்தாள், அந்த வாரத்து நாளிதழ் விளம்பரம் ஆகியவையே முதல் தரச் சான்றுகள். பாடியவர், எழுதியவர் பெயர்களுக்குப் பாட்டுப் புத்தகத்தைவிடப் பழைய சாட்சி பெரும்பாலும் கிடைக்காது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஒரு வாழ்நாள் முழுவதும் உழைத்துத் தொகுத்த தமிழ்த் திரைப்பட வரலாறு, வெளியீட்டு விவரங்களுக்குத் துணை நிற்கும். இதழ்களும் பழைய அச்சு நூல்களும் தேவைப்படுவோர், கோட்டையூரைச் சேர்ந்த ஒருவரின் தனிச் சேகரிப்பிலிருந்து வளர்ந்த சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை நாடலாம்.

விடைத்தாளில் ஏற்கத்தக்க மாற்று விடைகளையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். ‘ரேடியோ சிலோன்’, ‘சிலோன் ரேடியோ’, ‘இலங்கை வானொலி’, ‘இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ என்று எப்படிச் சொன்னாலும் அது ஒன்றுதான். அந்த நிலையத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் 1967இலும் 1972இலும் மாறியது என்பதற்காக ஒரு நேயரின் நாவில் பழகிய பெயரை மறுக்க நமக்கு உரிமை இல்லை. கலைஞர்களின் மரணம், வழக்கு, குடும்பப் பிரிவு ஆகியவற்றை வினாக்களாக்குவதை நான் முற்றிலும் தவிர்க்கிறேன். அவை செய்தித்தாளில் வந்தவையே ஆனாலும், மகிழ்ச்சிக்காகக் கூடிய இடத்தில் அவற்றுக்கு மதிப்பெண் போடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஒலியும் படமும்

ஒலிச்சுற்றில் பாடலின் பல்லவியைப் போடாதீர்கள், முன்னிசையை மட்டும் போடுங்கள். பத்து விநாடிகள் போதும். அகில இந்திய வானொலி காலையில் ஒலிபரப்பைத் தொடங்கும் முன் ஒலித்த அந்த மெல்லிய முத்திரை இசையைப் போட்டால், அது என்ன என்பதற்கு எல்லா அணிகளும் கை உயர்த்தும். ஆகவே அதை அமைத்தவர் யார் என்பதை உபரி மதிப்பெண்ணுக்கு வையுங்கள். ஐரோப்பாவில் நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிப் பம்பாய்க்கு வந்த வால்டர் காஃப்மன் என்ற யூத இசைஞர் அமைத்தது அது என்று கேட்கும்போது, அன்றாடம் கேட்ட ஓசைக்குப் பின்னால் இவ்வளவு தூரத்துக் கதை இருந்ததா என்று அவை வியப்பதை நான் ஒவ்வொரு முறையும் காண்கிறேன். விளம்பரக் குரல்களையும் மறக்க வேண்டாம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாடுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லி நிறுத்தினாலே, ஒரு பல்பொடியின் பெயரைக் கோபால் என்று முடித்துவைக்க ஒரு தலைமுறை காத்திருக்கிறது. பழைய ஒலிப்பதிவு கிடைக்காதபோது, நல்ல குரல் வளம் உள்ள ஒருவரைக் கொண்டு அந்த வரியைச் சொல்ல வைத்தாலும் பயன் குறையாது.

படச்சுற்றில், முகத்தைக் காட்டிப் பெயர் கேட்பதைவிட, முகத்தை மறைத்து அடையாளத்தைக் காட்டுவது நல்லது. ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மட்டும் வரைந்து காட்டினால் எழுத்தாளர் ‘தமிழ்வாணன்’ என்பார்கள். இரும்பினால் ஆன ஒரு கை மட்டும் காற்றில் மிதப்பதாகக் காட்டினால், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும் இரும்புக்கை மாயாவியை, 1972இல் முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து வந்த நாட்களை அறிந்த, அறுபது வயதைக் கடந்தவர் சிறுவனைப் போல் எழுந்து சொல்வார். கோவில்பட்டி கொண்டையராஜு மரபில் வரைந்த நாட்காட்டிப் படத்தைக் காட்டி, இந்தப் பாணியை வளர்த்த ஓவியர் எந்த ஊரில் வாழ்ந்தார் என்று கேட்கலாம். படங்களைத் திரையில் காட்டும்போது கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். மூத்தோர் நிறைந்த அவையில் இது சிறிய விஷயம் அன்று.

போட்டி நாளில்

நான்கு சுற்றுகள், முப்பது வினாக்கள், ஒன்றரை மணி நேரம் என்பது அளவு. ஒரு வினாவை உரக்கப் படித்து முடிக்க இருபது விநாடிகளுக்கு மேல் ஆனால், அதை வெட்டுங்கள் அல்லது இரண்டாகப் பிரியுங்கள். முன்னதாக யாரிடமாவது ஒருமுறை படித்துக் காட்டிவிட்டால், நீளம் மட்டுமல்லாமல் குழப்பமும் தெரிந்துவிடும். பஸ்ஸரை நான் பயன்படுத்துவதில்லை. விரல் வேகத்தில் இளையவர்கள் முந்திக்கொள்வார்கள், நினைவில் முந்தியவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்காது. விடையைத் தாளில் எழுதித் தரச் செய்து, எல்லா அணிகளின் தாள்களும் வந்தபின் விடையை அறிவிப்பதே நியாயமானது. ஒரு வினாவுக்குப் பாதி அணிகளாவது சரியான விடை எழுதும்படி கடினத்தை அமைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் எழுதினால் அடுத்ததைச் சற்றுக் கடினமாக்க, கையில் சில உபரி வினாக்கள் இருக்கட்டும்.

யாராவது விடையை மறுத்தால், அவர் சொல்வதை முழுவதும் கேட்டு, அந்த இடத்தில் உறுதி செய்ய முடியாவிட்டால் அவருடைய அணிக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டு, அவர் சொன்னதை விடைத்தாளின் ஓரத்தில் தேதியுடன் குறித்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கும் குறிப்பேட்டில் இப்படி ஓரத்தில் எழுதியவை பல பக்கங்களுக்கு நீண்டிருக்கின்றன. ஒவ்வொரு போட்டிக்குப் பின்னரும் அவற்றைச் சரிபார்த்து, பெரியவர் சொன்னதே சரி என்று தெரிந்தால் வினாவைத் திருத்தி, அடுத்த முறை அவரைத் தொலைபேசியில் அழைத்துத் தெரிவித்துவிடுகிறேன்.